அட்டையில் இருந்த வழுக்கை

அந்தமானின் மாயாபந்தர் ஜெட்டியில் போர்ட் பிளேர் கப்பல் ஏற நின்ற ஜெகநாதனின் அடையாள அட்டையை, சோதனை அதிகாரி உமா மகேஸ்வரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோவுல வழுக்கை. நேர்ல எப்படி முடி?"

"முடி இல்லைங்க மேடம். சென்னையில மண்டை முழுக்க ஊசியால மைப்புள்ளி குத்திவிட்டாங்க. ஒட்ட வெட்டின மாதிரி தெரியும்."

"சச்? நிஜமாவா? குளிச்சா போயிடாதா?"

"போகாதுங்க."

"வலிச்சுதா?"

கப்பல் ஊதியது. ஜெகநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. "மேடம், ஜகாஸ் கிளம்பிடும்!"

பின்னால் நின்றவர்களை முதலில் அனுப்பிவிட்டு, அவள் மெல்லத் தொப்பியைக் கழற்றினாள். வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் மண்டை தெரிந்தது.

அட்டையை நீட்டியபடி கேட்டாள். "பொம்பளைங்களுக்கும் பண்ணுவாங்களாண்ணா?"

பதற்றம் போய் ஜெகநாதன் சிரித்துவிட்டான்.

"பண்ணுவாங்கம்மா. அன்னைக்கு அங்க நான் ஒருத்தன்தான் ஆம்பளை."