விசாரிக்க வந்தவர்

"தம்பி, இங்க கௌதம்னு ஒருத்தர் வேலை செய்றாராமே, மில்ட்ரியில இருந்து வந்தவரு. ஆளு எப்பிடி?"

ஷூ கம்பெனி கேட்டில் நின்றிருந்த செக்யூரிட்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கௌதமைப் பற்றிக் கௌதமிடமே விசாரணை. நீலச் சட்டையில் 'செக்யூரிட்டி' என்றுதான் கொட்டை எழுத்தில் இருந்தது. பேர் எழுத எவனுக்கு நேரம்?

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. ஆம்பூரில் பெண் கொடுக்க நினைக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் முன்னால் அவன் வேலை பார்க்கும் கம்பெனி கேட்டுக்குத்தான் வருவார்கள். வீட்டில் காபி கிடைக்கும், உண்மை கிடைக்காது.

காலையில்தான் அம்மா ரங்கம்மாள் டிபன் பாக்ஸைக் கையில் திணித்துப் பாடம் நடத்தியிருந்தாள்.

"ஆலங்காயத்துக்காரங்க இந்த வாரம் விசாரிக்க வருவாங்கடா. ஏற்கெனவே மூணு எடம் தட்டிப் போச்சு. ஆஸ்பத்திரி, மாத்திரை, எதுவும் உன் வாயில வரக் கூடாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க?"

நான்காவது இடமும் போனால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள். அது மட்டும் இல்லை. பெண்ணின் பேர் நந்தினி. அவள் போட்டோவை அம்மாவுக்குத் தெரியாமல் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்திருந்தான். பிடித்திருந்தது, மறைப்பானேன்?

"கௌதமுக்கு இன்னா சார், தங்கமான ஆளு," என்றான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. "குடி கிடையாது. லீவே போட மாட்டாரு."

"தெனமும் வேலைக்கு வர்றாரா?" பெரியவரின் கண் அகல விரிந்தது.

"வராம? இன்னா சார் அதிசயமா கேக்குறீங்க."

"நாலு பேரோட சகஜமா பேசுறாரா?"

"ஆரம்பிச்சாருன்னா நிறுத்த மாட்டாரு. அது ஒண்ணுதான் பேஜார்."

பெரியவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "நைட்ல தூங்குறாரா?"

கௌதமுக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பெற்றவர் சம்பளத்தைக் கேட்பார், தூக்கத்தைக் கேட்பாரா? இந்த மனுஷர் எங்கேயோ எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசிப்பதற்குள், தோல் ஏற்றி வந்த லாரியின் பின்கதவு டமார் என்று விழுந்தது.

அவ்வளவுதான். அடுத்த நொடி கௌதம் கேட் தூணுக்குப் பின்னால் மண்ணில் குப்புறக் கிடந்தான், தலைக்கு மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு. லாரி டிரைவர் எட்டிப் பார்த்தான். எதிர் டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

எழுந்து பேண்ட்டைத் தட்டினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினான். அவன் என்ன தப்புப் பண்ணினான், பொய் சொல்ல? வந்தது கோபம்தான்.

"சார், நான்தான் கௌதம்."

பெரியவர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

"நல்லா கேட்டுக்குங்க. மூணு வருஷம் முன்னாடி பார்டர்ல எங்க வண்டிக்கு அடியில குண்டு வெடிச்சுது. பக்கத்துல இருந்த ரெண்டு தோஸ்த்தும் அங்கயே போய்ட்டாங்க. எனக்கு ஒரு கீறல் இல்ல. அன்னியிலிருந்து சத்தம் கேட்டா இப்பிடித்தான். தெருவுல சாவுக்கு வெடி போட்டா கதவச் சாத்திக்குவேன். தூக்கமும் கம்மி. மாசா மாசம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மனசு டாக்டரப் பாக்குறேன், மாத்திரை சாப்பிடுறேன். மொத வருஷம் ரூம விட்டே வரல. இப்ப வேலைக்கு வந்து நிக்கிறேன்."

"இதெல்லாம் வெளிய தெரிஞ்சா..." பெரியவர் தயங்கினார். "அசிங்கம் இல்லியா தம்பி?"

"இன்னா சார் அசிங்கம்? ஒரு கால் போய் வந்திருந்தா மாலை போட்டு மேளம் அடிச்சிருப்பீங்க. மனசுல அடிபட்டா மட்டும் பைத்தியமா? நான் திருடல, யாரையும் ஏமாத்தல. போய் உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க. இஷ்டம்னா சரி, இல்லன்னா வேற எடம் பாருங்க. மறைச்சு வெச்சுத் தாலி கட்ற ஆளு நான் இல்ல."

நாலாவது இடமும் போச்சு. நந்தினியை நினைத்தபோது கௌதமுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. அதற்காகச் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவன் திருப்பி வாங்கிக்கொள்வதாக இல்லை. பெரியவர் கிளம்பட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர் கிளம்பவில்லை. அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பொண்ணே இல்ல தம்பி," என்றார். "ஒரே பையன். அவனும் மில்ட்ரியிலிருந்து வந்து எட்டு மாசமா கட்டிலுக்கு அடியிலதான் படுக்கிறான். நீயும் அப்பிடி இருந்து தேறி வந்தவன்னு கேள்விப்பட்டுத்தான் விசாரிக்க வந்தேன். வெளிய தெரிஞ்சா எவனும் பொண்ணு தர மாட்டான்னு, டாக்டர்கிட்ட போகவிடாம அவன ரூம்ல வெச்சுப் பூட்டின பாவி நான்தான். அடுத்த வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவனையும் கூட்டிக்கினு போறியா?"