பாறைக்கு வெளியே ஓர் அலை

“கயிறையும் விட்டுட்டான்டி! பொறவும் விழாம நிக்கான்!”

கருவாட்டுக் களத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஊர்த்தலைவர் மரியஜானின் காதில் விழுந்தது.

“எவன்ட்டி நிக்கான்? எங்க?”

“கபிரியேலுதான், மாமா. ரெண்டு என்ஜின் படகுக்கும் நடுவில. ஒத்தப் பலகை மேல.”

மரியஜான் கோயிலுக்குப் போகவில்லை. கடற்கரைக்குப் போனார்.

கடலடியில் மறைந்து கிடக்கும் பாறைகளைத் தேட அந்த இரண்டு படகுகளும் கொச்சியிலிருந்து வந்து ஒரு மாதமாகிறது. பகலெல்லாம் நடுவில் ஒரு கம்பியைக் கட்டி இழுத்தபடி மெதுவாக ஊரும். சாயங்காலம் கம்பியைச் சுருட்டிவிட்டு, இரண்டும் அக்கம் பக்கமாகக் குளச்சலுக்குப் பறக்கும்.

முதல் வாரத்தில் அப்படிப் பறந்ததில், கரையிலிருந்து விரித்த கரமடி வலையை இரண்டு தடவை அறுத்துவிட்டன. முப்பது பேர் நின்று இழுக்கிற வலை. நாற்பது வீட்டுச் சோறு. மனு எழுதிப் போட்டும் பதில் இல்லை.

அதன்பிறகு என்ன தோன்றியதோ, படகுகள் கரைப்பக்கம் வராமல், கடலுக்குள் நிற்கும் பெரிய பாறைக்கு வெளியே சுற்றிப் போக ஆரம்பித்தன. அந்தோணியார் கிருபை என்று ஊரே மெழுகுதிரி கொளுத்தியது.

மரியஜான் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பாறைக்கு அப்பால் இரண்டு படகுகள். அவற்றின் பின்னால் எழுந்த அலைகள் வந்து சேருமிடத்தில் ஒரு நீர்மேடு. அந்த மேட்டில், பலகைமேல், படகிலிருந்து நீண்ட கயிற்றை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி கபிரியேல். படகிலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

‘இவனை எது இழுக்குது?’

அறுபது வயதில் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் நடையில் ஊர் கூடியது.

“நம்ம வலையை அறுத்தவனுவளுக்கு இவன் குரங்கு வித்தை காட்டுதான்!” என்றான் கரமடிக்காரன் ஜஸ்டஸ். “வெக்கம் இருக்கான்னு கேளுங்க.”

“சொல்லுலே, கபிரியேலு. எதுக்குப் போற?” என்று கேட்டார் மரியஜான்.

கபிரியேல் கூட்டத்தைப் பார்த்தான். ஓரத்தில், மீன் வாங்க வந்த அந்த என்ஜின் படகுகளின் சமையல்காரன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அலை நல்லாயிருக்கு. போறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி லீமா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வரை நீ கடல்ல கால் வைக்கக் கூடாது” என்றார் மரியஜான்.

கோயில் நடையில் சொன்னது சொன்னதுதான். மாற்றுவதென்றால் அதே நடையில், பூசை முடிந்து ஊர் கூடியபோதுதான் மாற்றலாம். அவருடைய அப்பா தலைவராக இருந்த காலத்திலும் எந்தத் தீர்ப்பும் இடையில் மாறியதில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஏலே, கயிறை விட்ட பொறவு உன்னை எது இழுக்குது?”

“இழுக்கல்ல, மாமா. பின்னால இருந்து அலை தள்ளுது. நாம சும்மா நின்னாப் போதும். சும்மா நிக்கத்தான் பாடு.”

திங்கட்கிழமை சாயங்காலம் படகுகள் பாறைக்கு உள்ளே, கரையை ஒட்டி வந்தன. வலை நடுவில் அறுந்து, மீனெல்லாம் வந்த வழியே போயிற்று.

“அந்தோணியாருக்கு என்ன கோவமோ!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான் ஜஸ்டஸ்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையல்காரன் மீன் வாங்க வந்தபோது, மரியஜான் அவனை மடக்கினார்.

“இத்தனை நாளும் பாறைக்கு வெளியில போனிய. நேத்து மட்டும் என்னவே?”

“பலகைக்காரன் சேட்டன் வரல்லையே! அவர் விளையாட்டைப் பார்க்கத்தான் எங்க ஆளுக அத்தனை தூரம் சுத்திப் போறது. பாறைக்கு வெளியிலதான் அலை எழும்பும், உள்ள வந்தா செத்துப்போகும்னு சேட்டன்தான் சொன்னது. அவர் இல்லாம சுத்துவானேன்? கரையோரமாப் போனா சீக்கிரம் போகலாம்.”

மரியஜான் ஓட்டமும் நடையுமாகக் கபிரியேல் வீட்டுக்குப் போனார். அவன் முற்றத்தில் உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தான்.

“உள்ள வந்தா அலை செத்துப்போகுமாலே?”

கபிரியேல் தலை குனிந்துகொண்டான்.

“இல்லை, மாமா. உள்ளதான் இன்னும் நல்லா எழும்பும்.”

“இதை அன்னைக்கே நடையில சொன்னா என்ன?”

“சமையல்காரன் நின்னானே. வலைக்காகத்தான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா, அவனுவ மறுபடியும் பாறைக்கு வெளியில போவானுவளா?”

லீமா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்கே என்ஜின் சத்தம் கேட்டது. கடலில் கரமடி இறங்கி அரைமணி நேரமாகிறது. காலை முழுவதும் உட்கார்ந்து தைத்த வலை. முப்பது பேரும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள்.

“எழும்புலே! பலகையை எடு. ஓடு!”

கபிரியேல் எழுந்தான். இரண்டடி வைத்தான். நின்றுவிட்டான்.

“ஞாயித்துக்கிழமை வரைன்னு நடையில சொன்னியளே, மாமா. இன்னைக்கு நான் இறங்கினா, நாளைக்கு உங்க வார்த்தையை எவன் கேப்பான்?”

சத்தம் நெருங்கியது.

மரியஜான் தோளில் கிடந்த துண்டை எடுத்து லீமாவின் கையில் கொடுத்தார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். சுவரில் சாய்ந்திருந்த பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, பாறைக்கு வெளியே போகக் கடலில் இறங்கினார்.