படிக்க வந்த பிள்ளைகள்

“படிக்க வந்த பிள்ளியளுக்கு சம்பளம் எதுக்கு சார்?”

துணிக்கடை பொன்னையன் லேபர் ஆபீசர் முன்னால் இதைச் சொன்னபோது, எதிரே நின்ற ஏழு கல்லூரி மாணவிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆர்யா குனியவில்லை. ஏழு பேருக்கும் மனு எழுதியவள் அவள்தான். குளத்தூர்க்காரி, சட்டக்கல்லூரி மாணவி. தொழிலாளிகளின் வக்கீல் என்று நெய்யாற்றங்கரை முழுக்கப் பேரெடுத்த சதாசிவன் சாரிடம் வேலை பழகுகிறாள்.

விஷயம் இதுதான். பி.காம். பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் கட்டாயம். கல்லூரி கேட்டது இரண்டு வாரம். பொன்னையன் பாறசாலைக் கடையில் அவர்களை நிறுத்தி வைத்ததோ, ஓணக் கச்சவடம், அந்தப் பண்டிகை வியாபாரம் முடியும்வரை. முழுசாக இரண்டரை மாதம்.

“இடையில போனா சர்ட்டிபிகேட்டு கிட்டாது” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்குப் பயந்து ஏழு பேரும் நின்றார்கள்.

“நான் என்ன கொலையா செய்தேன்?” பொன்னையன் விடவில்லை. “பில்லு போட சொல்லிக் குடுத்தேன். சரக்கு அடுக்க சொல்லிக் குடுத்தேன். நாளைக்கு எங்க போனாலும் இந்த அனுபவத்த வச்சுப் பிழைக்கலாம். அதாக்கும் அவங்களுக்க சம்பளம்.”

ஆபீசர் முதலில் நின்ற பெண்ணைப் பார்த்தார். “உன் பேரு பின்சிதானே? நீ சொல்லு. என்ன படிச்ச?”

“முதல் வாரம் பில்லு போட படிச்சேன் சார். பிறகு துணிக்கெட்டு சுமந்தேன். சாயங்காலம் கடை தூத்துப் பெருக்கினேன். கெட்டு சுமக்க படிக்கியதுக்கு ரெண்டு மாசம் வேணுமா சார்?”

சதாசிவன் சார் எழுந்தார். ஆர்யா மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய தாள் அவர் கையில் இருந்தது.

“படிப்பு எங்க முடியுது, வேலை எங்க தொடங்குது? இந்தப் பிள்ளைங்க இல்லேன்னா அந்த இடத்துல சம்பளத்துக்கு ஆள் வைக்கணும். அப்போ அங்க நடந்தது வேலை. பயிற்சின்னு பேர் வச்சா பசி எடுக்காதா? சும்மா வேலை செய்ய வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் அனுபவம் கிடைக்கும்னா, வசதி இல்லாத பிள்ளை எங்க போகும்?”

தான் எழுதிய வரிகளை அவர் குரலில் கேட்க ஆர்யாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவள் பின்சியை மட்டும் நினைத்து எழுதவில்லை.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு வாரம் போக மீதி நாளுக்கெல்லாம் கூலி கொடுக்க வேண்டும், சர்ட்டிபிகேட் இன்றைக்கே கொடுக்க வேண்டும் என்றார் ஆபீசர். பொன்னையன் பேனாவை வாங்கி ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டார். பின்சி ஆர்யாவின் கையை இறுகப் பிடித்துவிட்டு விட்டாள். பிறகு ஏழு பேரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

வராந்தாவில் சார் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

“நல்லா எழுதியிருந்த ஆர்யா. எங்க, உனக்க சர்ட்டிபிகேட்ட எடு. இப்பவே ஒப்பு போட்டுத் தாறேன்.”

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நாளைக் காலையில் கல்லூரியில் கொடுக்காவிட்டால் இந்த செமஸ்டர் போய்விடும்.

சார் பேனா மூடியைத் திறந்தபோது பொன்னையன் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“மக்கா, நீதானே மனு எழுதினது?”

“ஆமா அண்ணாச்சி.”

“சாருக்க கிட்ட எத்தன நாளா நிக்குத?”

“நாலு மாசமா. காலேஜில கேட்டது ஒரு மாசம்.”

“மாசம் சார் உனக்கு என்ன தாறாரு?”

ஆர்யா பதில் சொல்வதற்குள் சார் சிரித்தார்.

“ஓய், அது வேற, இது வேற. இது சட்டப்படிப்பாக்கும். படிக்க வந்த பிள்ளைக்கு சம்பளம் எதுக்கு? எனக்க கிட்ட நின்ன அனுபவம் ஒண்ணு போதாதா?”

பொன்னையன் கையைத் தட்டிச் சிரித்தார். “அப்போ நான் மட்டும் கள்ளன். கேட்டியா மக்கா?”

ஆர்யா தாளைப் பார்த்தாள். இன்னும் ஒப்பு விழவில்லை. விடிந்ததும் டியூஷன் எடுத்து, அதில் கிடைப்பதை பஸ்ஸுக்குக் கொடுத்து, நாலு மாதம் நடந்த நடைக்கு அந்த ஒரு ஒப்புதான் மிச்சம். விழும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். ஒரு நிமிடம்தான்.

அந்த ஒப்புக்குப் பயந்துதானே பின்சியும் இரண்டரை மாதம் வாயை மூடிக்கொண்டு கெட்டு சுமந்தாள்.

“நீங்க செய்தது தப்புதான் அண்ணாச்சி. அதுல மாற்றம் இல்ல,” என்றாள் ஆர்யா. பிறகு சாரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

“உங்க கேசு முடிஞ்சுது. அடுத்தது சாருக்க கேசாக்கும்.”