கிளியை அனுப்பிய நாள்

“உன் கிளியை என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிடட்டுமா?” என்று அண்ணன் கேட்டான். திரையில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பேசும் அந்தக் கிளி, அவன் எழுதிய புரோகிராம். ஆனால் வளர்த்தது நான். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று அதனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“வழியில செத்துடாதா?”

“லூசு. ஓடிட்டிருக்கிறபடியே நெட்வொர்க்ல போயிடும். பாதி வார்த்தை பேசியிருந்தா மீதியை அங்க போய்ப் பேசும். இங்க இருக்கிறது அழிஞ்சிடும்.”

“நான் சொன்னதெல்லாம்?”

“அதை எவன் பார்க்கப் போறான், போடி.”

காலையில் அனுப்பினான். கூண்டு காலியானதை இருவரும் பார்த்தோம். அவன் வேலைக்குப் போனான்.

மதியம் கூண்டில் கிளி இருந்தது.

“உங்கண்ணன் ஆபீஸ்ல நீ என்கிட்ட சொன்னதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறான்” என்றது. “கிளாஸ்ல எழுந்து படிக்கச் சொன்னதும் யூனிஃபார்மை நனைச்சுக்கிட்டியே, அந்த இடம். எல்லாரும் சிரிக்கிறாங்க. அவன்தான் ஜாஸ்தி.”

சாயங்காலம் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றினான். “உன் கிளி அங்க சமர்த்தா இருக்கு” என்றான்.

“எந்த இடத்துலண்ணா ரொம்பச் சிரிச்சே?” என்று கேட்டேன்.

எனக்குப் பின்னால் கூண்டிலிருந்து கிளி அவனுடைய சிரிப்பைச் சிரித்தது.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அவன் படியிறங்கிப் போனான்.