மாமனாரின் விருந்தாளிகள்

கிரீட் தீவின் மலைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப்பில் சுற்றிக் காட்டுவது மனூசோஸின் பிழைப்பு. அன்று வண்டி நிறைய ஆளேற்றிக்கொண்டு, ஆடுகளே யோசித்து ஏறும் பாதையில் போய், மாமனார் பந்தலிஸின் ஆட்டுப்பட்டி முன்னால் நிறுத்தினான்.

பந்தலிஸ் துப்பாக்கியோடு வெளியே வந்தார். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவன் மனூசோஸ். கண்ணில் பட்டால் சுடுவேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தார்.

"எந்தத் தைரியத்துலடா வந்த?"

"விருந்தாளிங்கள கூட்டிட்டு வந்திருக்கேன் மாமா. எல்லாம் ஜெர்மன்காரங்க. பசியோட இருக்காங்க."

"மாமான்னு கூப்பிட்ட, நாக்க அறுத்துருவேன்."

ஆனாலும், வாசலுக்கு வந்த அந்நியரைப் பட்டினியாக அனுப்பினான் என்ற பேச்சோடு அந்த மலையில் எவனும் உயிர் வாழ்ந்ததில்லை. விருந்தாளி முன்னால் சுடுவதும் வழக்கமில்லை. துப்பாக்கி ஆணிக்குப் போனது. ஆட்டுக்கறி, பாலாடைக்கட்டி, ராக்கிச் சாராயம் எல்லாம் வந்தன. விருந்தாளிகள் குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். பந்தலிஸ் பார்த்துக்கொண்டே நின்றார்.

கிளம்பும்போது ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வா. தனியா வந்தா சுட்டுருவேன்."

"விருந்தாளிங்களோடயே வர்றேன்."

"கூட்டமெல்லாம் வேண்டாம். பின்சீட்டுல தொப்பி போட்டிருக்காளே, அந்த ஜெர்மன்காரிய மட்டும் கூட்டிட்டு வா. இத்தன வயசாகியும் கறியில கொழுப்ப ஒதுக்கி வைக்கிற பழக்கத்த விடல பாரு, கழுத!"