சமையலறை போன் இருந்த காவல்

முன்னறையில் கணினிக்குப் பக்கத்தில், போன் கம்பி வழியே பாடிப் படமும் கடிதமும் வரவழைக்கும் ஒரு மோடம் இருந்தது. சமையலறைச் சுவரில் ஒரு போன் இருந்தது. இரண்டுக்கும் ஒரே கம்பிதான்.

அன்று மதியம் கடல் கடந்து ஒரு படம் வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு மரகதத்தின் தங்கைக்குப் பிறந்த குழந்தையின் படம். மோடம் கண்ணை மூடிக்கொண்டு பாடப் பாட, பனி விலகுவதுபோல் திரையில் மேலிருந்து கீழாகக் குழந்தையின் நெற்றி தெரிந்தது. அப்போது கம்பியில் கர்ரென்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்தது, படமும் போயிற்று.

“காத்தா?” என்று மோடம் கேட்டது.

“ஒரு இலைகூட அசையலையே” என்றது கம்பி, பாதித் தூக்கத்தில்.

மோடம் போனைக் கூப்பிட்டது. “அக்கா, யாரோ நடுவுல புகுந்து கெடுக்கறாங்க.”

“ஆமா தம்பி, ரிசீவரைத் தூக்கி உன் பாட்டைக் கேக்கலாம்னு பார்த்தேன், சட்டுன்னு நின்னுபோச்சு. நீ பாடு, நான் காவல் இருக்கேன்.”

மோடம் முதலிலிருந்து பாடியது. நெற்றி வந்தது, புருவம் வந்தது, மூடிய இமைகள் வந்தன. போன் ஓசைப்படாமல் ரிசீவரைத் தூக்கி, திருடன் வந்துவிட்டானா என்று காது கொடுத்தது. கர்ர். படம் போயிற்று.

மூன்றாம் முறை மூக்கு வரை வந்துவிட்டது. இனி வாய்தான். தங்கையின் சிரிப்பு இருக்கிறதா என்று பார்க்க மரகதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். போன் இன்னும் மெதுவாக ரிசீவரைத் தூக்கியது. கர்ர்.

மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. “யாராவது மாட்டினாங்களா அக்கா?”

“இல்லையே தம்பி” என்று போன் பெருமூச்சு விட்டது. “சத்தம் வந்தப்ப எல்லாம் நான் கம்பியிலயேதான் இருந்தேன். என்னைத் தவிர அங்க ஒருத்தருமே இல்லை.”