வாசல் எறும்பின் காப்புரிமை

அந்தப் புற்றுக்கு ஏகப்பட்ட வாசல்கள். எந்த வாசலில் யார் வந்தாலும், 'நம்ம ஆள்தானா?' என்று அடியாழத்தில் இருக்கும் ராணியைக் கேட்டுவர ஓர் எறும்பு ஓட வேண்டும். வாசல் காத்த கருப்பாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். மீசையால் தொட்டு வாசனை பார்த்தால் போதும், வாசலிலேயே தெரிந்துவிடும்.

இதை வேறு யாராவது தன்னுடையது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில், தங்கையிடம் முறையைச் சொல்லி வாசலில் நிறுத்திவிட்டு, காப்புரிமை கொடுக்கும் சுவர்ப்பல்லியிடம் ஓடினாள்.

"இதுக்கு முன்னாடி யாரும் செய்யலையே?" என்று கண்ணை உருட்டியது பல்லி.

"இல்லீங்க ஐயா."

"தேடிப் பாக்கணும். அப்படி ஓரமா இரு."

பல்லியின் நாக்கையே பார்த்தபடி, சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டிப் பல நாள் கிடந்தாள். ஒருவழியாகப் பல்லி 'இச்'சென்று சொன்னது. காப்புரிமை கிடைத்துவிட்டது!

தலைதெறிக்கப் புற்றுக்கு ஓடிவந்தாள். தங்கை மீசையால் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"சுண்ணாம்பு வாடை அடிக்குது. நீ நம்ம ஆள் இல்ல."

"அடியே, நான்தான்டி உன் அக்கா! இந்த முறையைக் கண்டுபிடிச்சதே நான்தான்!"

"வர்றவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க."

கருப்பாயி வாசலை மறித்து நின்றாள். "ராணியைக் கேட்டுப் பாருடி!"

"இப்பல்லாம் உள்ள யாரையும் கேக்குறதில்லையே," என்ற தங்கை, அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "அடுத்தது யாரு? வாங்க."